மத்லப் பதிவேடு

டாக்காவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், மேக்னா ஆற்றையொட்டிய தாழ்நிலத்தில் இருக்கிறது மத்லப். வங்கதேசத்தின் சாந்த்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வட்டாரம். ஊடே தோனாகோடா ஆறு ஓடுகிறது. நெல்லும் மீனும் பிழைப்பு. மழைக்காலத்தில் பல ஊர்களுக்குப் படகில்தான் போயாக வேண்டும். அந்த நாட்டின் எத்தனையோ வட்டாரங்களில் ஒன்றாக, வெளியுலகுக்குப் பெயர் தெரியாமலே இருந்திருக்க வேண்டிய இடம். ஆனால் பொதுச் சுகாதாரமோ மக்கள்தொகையியலோ படித்தவர்களுக்கு மத்லப் நன்கு பழகிய பெயர். அதற்குக் காரணம் ஒரு பதிவேடு.

1966ஆம் ஆண்டு தொடங்கி, அங்கே பிறந்த குழந்தைகள், இறந்தவர்கள், குடிபெயர்ந்து போனவர்கள், வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் பதிவாகிவருகிறார்கள். ஆளுக்கு ஓர் எண். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். 1971 போரின்போது சாவு எவ்வளவு கூடியது, 1974 பஞ்சத்தை அடுத்துப் பிறப்பு எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் ஊகமாக இல்லாமல் எண்ணிக்கையாகத் தெரிவது இந்தப் பதிவேட்டால்தான். இன்று அதில் அடங்கியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஏழை நாடு ஒன்றில் இவ்வளவு பேரை இவ்வளவு காலம் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வுக்களம் மிக அரிது.

சுற்றுச்சூழல், மக்கள்தொகை, கல்வி என்று பல்கலைக்கழகங்களில் மூன்று கட்டடங்களில் பிரித்து வைத்திருக்கிறோம். மத்லபில் அவை ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. தாய் குடித்த தண்ணீர், அவள் இரண்டு பிரசவங்களுக்கு இடையே விட்ட இடைவெளி, பிள்ளை போட்டுக்கொண்ட தடுப்பூசி, அவன் பள்ளியில் படித்த ஆண்டுகள், பிழைப்புக்காக அவன் டாக்காவுக்கோ வளைகுடாவுக்கோ போனது எல்லாவற்றையும் ஓர் எண்ணை வைத்துக் கோத்துப் பார்க்க முடிகிறது. இந்த அறுபது ஆண்டு வேலையிலிருந்து நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது ஒன்று. மக்களுக்குப் பயன்படும் ஆய்வு என்றால், தன் முந்தைய முடிவு தவறென்று தானே கண்டுபிடிக்கும் காலம்வரை அது அதே ஊரில் இருக்க வேண்டும். மத்லப் அப்படி இருந்தது. அதன் வெற்றிகளைவிட இந்தக் குணமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காலராவில் தொடங்கியது

1960இல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் காலரா ஆய்வகம் ஒன்று அமைந்தது. காலரா ஆண்டுதோறும் தவறாமல் வரும் இடமாக மத்லபைத் தேர்ந்து, 1963இல் அங்கே தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கினார்கள். யாருக்கு ஊசி போட்டோம், அவருக்குப் பிறகு நோய் வந்ததா என்று அறிய ஊர்மக்களின் முழுப் பட்டியல் வேண்டியிருந்தது. பதிவேடு பிறந்தது அந்தத் தேவையிலிருந்து. அந்தக் காலத்துத் தடுப்பூசி சொற்ப காலமே காத்தது. ஊசி தோற்றது, பட்டியல் நின்றது.

காலரா நோயாளி சில மணி நேரத்தில் உடம்பின் நீரெல்லாம் வற்றிச் சாகிறார். சிரை வழியே திரவம் ஏற்றினால் பிழைப்பார். ஆனால் மழைக்காலத்தில் படகு மட்டுமே போகும் ஊரில் திரவப் புட்டிக்கு எங்கே போவது? குடலில் காலரா நஞ்சு கெடுக்காமல் விட்டுவைக்கும் வழி ஒன்று உண்டு. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துச் செல்லும். உப்பின் பின்னால் நீர் போகும். இதை நம்பி, 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் வங்காளச் சகாக்களுடன் சேர்ந்து டாக்காவில் நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். போகிற அளவுக்கு நிகராகக் குடிக்க வைப்பதுதான் சூட்சுமம். சிரை வழி ஏற்ற வேண்டிய திரவம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறகு மத்லப் களத்திலும் அதைச் செய்து பார்த்தார்கள். இன்று நம் வீடுகளில் பேதி என்றதும் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதையில் மத்லபுக்கும் இடமுண்டு. 1978இல் லான்செட் இதழின் தலையங்கம் இதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகலாம் என்று மதிப்பிட்டது. அதே ஆண்டில் அந்த ஆய்வகம் ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்ற பன்னாட்டு மையமாக மாறியது.

ஆய்வகம் கண்டதை அடுப்படிக்குக் கொண்டுபோனது வேறொரு நிறுவனம். ஃபஸ்லே ஹசன் ஆபெத் நிறுவிய பிராக், 1980இலிருந்து பத்தாண்டில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரல் கொள்ளும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய்மார்களின் கையாலேயே கரைக்க வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்மார்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, நினைவிருக்கிறதா என்று கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்தவரின் சம்பளம். எழுத்தறியாத தாய்மார்களுக்கு நடந்த இந்தப் பாடத்தை உலகின் பெரிய வயதுவந்தோர் கல்வி முயற்சிகளில் ஒன்றாகவே எண்ண வேண்டும். கல்வித் துறையின் வரலாறுகளில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை.

மருந்து இலவசம், மருத்துவமனைக்குப் படகும் இலவசம் என்ற பிறகு எல்லாப் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும்தானே? லிங்கன் சென்னும் சகாக்களும் 1981இல் வெளியிட்ட மத்லப் ஆய்வு இந்த எதிர்பார்ப்பை உடைத்தது. பேதி ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டவர்களில் ஆண் குழந்தைகளே மிக அதிகம். கடுமையான சத்துக்குறைவு ஆண் குழந்தைகளில் 5.1 சதவீதம், பெண் குழந்தைகளில் 14.4 சதவீதம். வறுமை ஒரே கூரையின் கீழ் ஒரே மாதிரி இறங்குவதில்லை என்பதை வாதத்துக்கு இடமில்லாமல் எண்ணால் காட்டிய முதல் ஆய்வுகளில் இதுவும் ஒன்று. தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாநிலத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நமக்கு அந்த எண்கள் அந்நியமானவை அல்ல.

எழுபது ஊர்கள்

மத்லப் உலகெங்கும் பேசப்பட்டது குடும்பக் கட்டுப்பாட்டுச் சோதனைக்காக. அதற்கு முன் பஞ்சாபின் கன்னா பகுதியில் 1950களில் நடந்த ஆய்வு ஒன்று தோற்றிருந்தது. மஹ்மூத் மம்தானி பின்னர் அதே பகுதிக்குப் போய் ஆராய்ந்து, 1972இல் எழுதிய நூலில் அதைக் கடுமையாகச் சாடினார். உழவருக்குப் பிள்ளைகள் வேலைக்கை, முதுமைக்குக் காப்பு. அவர்கள் அறியாமையால் பெறவில்லை, கணக்குப் பார்த்தே பெறுகிறார்கள் என்பது அவர் வாதம். இதை ஏற்றால், வறுமை மாறாமல் பிறப்பு குறையாது. அன்றைய வங்கதேசத்தின் நிலையோ, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல்.

1975இல் மத்லபில் முதல் முயற்சி. மருத்துவச்சிகள் உள்ளிட்ட வயதான பெண்கள், பெரும்பாலும் விதவைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். தொடக்கத்தில் பலர் வாங்கினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தலைசுற்றல், உதிரப்போக்கு என்று வந்த பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மாத்திரை கைக்கு எட்டினால் போதும் என்ற எண்ணம் பொய்த்தது.

1977 அக்டோபரில் வேறு விதமாகத் தொடங்கினார்கள். வட்டாரத்தின் பாதி, 70 ஊர்கள், புதிய திட்டத்துக்கு. மீதிப் பாதிக்கு நாட்டின் மற்ற இடங்களைப் போல அரசின் வழக்கமான சேவை மட்டும். திட்டப் பகுதிக்கு 80 பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதே ஊர்க்காரர்கள், இளம் வயது, திருமணமானவர்கள், எட்டாம் வகுப்பாவது படித்தவர்கள், தாங்களே கருத்தடை முறை பயன்படுத்துகிறவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள். மாத்திரை, ஆணுறை, வீட்டிலேயே போடும் ஊசி எதுவும் கிடைக்கும். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் மாற்றித் தருவார்கள். பக்கவிளைவு என்றால் கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். ஒன்றரை ஆண்டில் கருத்தடை பயன்படுத்துவோர் 7 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒருவராக உயர்ந்தார்கள். பக்கத்துப் பகுதி அதன்பின் பல ஆண்டுகள் பின்தங்கியே நின்றது.

பர்தா வழக்கம் இறுக்கமாக இருந்த ஊர்களில் ஒரு பெண் தனியாக வீடு வீடாகப் போவது, மேக்னா வெள்ளத்தில் படகேறி அக்கரைக்குப் போவது சாதாரணம் அல்ல. தொடக்கத்தில் இந்தப் பணியாளர்கள் ஏச்சும் பேச்சும் கேட்டார்கள். சில ஆண்டுகளில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தேடப்படும் ஆளானார்கள். சம்பளம் வாங்கும் படித்த மருமகள் எப்படி இருப்பாள் என்று அந்த ஊர்கள் அதற்கு முன் கண்டதில்லை. மாத்திரை எந்த அளவுக்கு வேலை செய்ததோ, கொண்டுவந்தவளைப் பார்த்ததும் அந்த அளவுக்கு வேலை செய்தது என்று நான் கருதுகிறேன். மம்தானி சொன்னதும் பொய்யல்ல. பிள்ளை வேண்டும் என்பவர்களைத் திட்டம் மாற்றவில்லை. இதற்குமேல் வேண்டாம் என்று மனதில் இருந்தும் வழி தெரியாமல் இருந்த பெண்களுக்கு வழி காட்டியது. அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு பேர் என்பதைத்தான் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

பின்னால் அரசும் இதைக் கவனித்தது. மத்லபில் கற்றதை அரசு ஊழியர்களைக் கொண்டே செய்ய முடியுமா என்று 1980களில் வேறு மாவட்டங்களில் சோதித்தார்கள். அதன் விளைவாக நாடு முழுதும் பத்தாயிரம் பெண் களப்பணியாளர்கள் கூடுதலாக நியமிக்கப்பட்டார்கள். வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்கு 1975இல் 6.3 ஆக இருந்த பிள்ளைப்பேறு 1990களின் நடுவில் 3.4 ஆகவும், 2011இல் 2.3 ஆகவும் குறைந்தது. பெண்கள் ஆடை ஆலைகளுக்குப் போனது, பெண்களின் உயர்நிலைப் படிப்புக்கு 1994 முதல் உதவித்தொகை வந்தது என்று காரணங்கள் பல. மத்லப் அவற்றில் ஒன்று. இங்கே பணியாற்றிய ஜேம்ஸ் பிலிப்ஸ் பிறகு கானாவின் நவ்ரோங்கோவுக்குப் போய், 1994இல் அதே மாதிரியான சோதனையைத் தொடங்க உதவினார். அதன் அடிப்படையில் அந்த நாட்டின் கிராமச் சுகாதாரக் கொள்கையே மாறியது.

திட்டப் பகுதியில் 1982 முதல் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளும் சேர்ந்தன. அப்படிப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை 1996இல், அவர்களுக்கு 8 முதல் 14 வயது ஆனபோது தேடிப்போய்ச் சோதித்த தரவைப் பொருளியலாளர் டானியா பார்ஹம் ஆராய்ந்தார். 2012இல் வெளியான அவரது முடிவின்படி, சிந்தனைத் திறன் சோதனையில் அவர்கள் பக்கத்துப் பகுதிப் பிள்ளைகளைவிட 0.39 திட்டவிலக்கம் முன்னால் நின்றார்கள். நூறு பேரில் ஐம்பதாவது இடத்தில் இருக்கும் பிள்ளை ஏறத்தாழ முப்பத்தைந்தாவது இடத்துக்கு வருவதற்குச் சமம் அது. இத்தனைக்கும் அந்தத் திட்டம் ஒரு பள்ளிக்கூடம் கட்டவில்லை, ஓர் ஆசிரியரை நியமிக்கவில்லை. தட்டம்மை வராமல் காத்தது, அடுத்த பிரசவத்தைத் தள்ளிப்போட்டது. பள்ளிக் கல்வியின் தரம் பற்றி நாம் நடத்தும் விவாதங்கள் எல்லாம் ஐந்து வயதில் தொடங்குகின்றன. பிள்ளையின் படிப்பு அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது.

அடிபம்பின் தண்ணீர்

குளத்து நீரால் காலராவும் பேதியும் பரவுகின்றன, ஆகவே அடிபம்பு போடுங்கள் என்று 1970களிலிருந்து அரசும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் சொல்லிவந்தன. மக்கள் கேட்டார்கள். பிறகு சொந்தக் காசிலும் வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்டார்கள். அடிபம்பு நீர் குடித்தும் காலரா குறையவில்லை என்று மத்லப் ஆய்வு ஒன்று 1976இலேயே எச்சரித்தது. குடிப்பது பம்பு நீர், குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பழைய குளத்தில் என்பது காரணம். அந்த எச்சரிக்கையும் நுண்ணுயிர் பற்றியதுதான். நீரில் வேறெதுவும் கலந்திருக்கலாம் என்று அங்கே அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

1993இல் நாட்டின் வடமேற்கில் கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு இயற்கையாகவே அது இருக்கிறது. காற்றுப் படாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று இரும்பைக் கரைக்கின்றன, ஆர்செனிக் நீரில் இறங்குகிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில் வேறுபாடில்லை. பல ஆண்டு குடித்தபின் உள்ளங்கையில் தடிப்பும் தோலில் புள்ளிகளும் வரும், பிறகு புற்றுநோய். உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நஞ்சூட்டம் என்று 2000இல் ஆலன் ஸ்மித்தும் சகாக்களும் எழுதினார்கள்.

மத்லபில் 2002-03இல் ஒரு கிணறு விடாமல் சோதித்தார்கள். மொத்தம் 13,286 அடிபம்புகள். அவற்றில் பத்தில் ஆறு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பான 10 மைக்ரோகிராமைத் தாண்டியவை பத்தில் ஏழு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தோலைப் பார்த்து, 504 பேருக்கு ஆர்செனிக் பாதிப்பை உறுதிசெய்தார்கள். யார் எந்த ஆண்டில் எந்தக் கிணற்றில் குடித்தார் என்று பின்னோக்கிக் கோக்கப் பதிவேடு கைகொடுத்தது. 1991 முதல் 2000 வரையான 29,134 கருவுறுதல்களை ஆராய்ந்தபோது, வரம்புக்கு மேல் ஆர்செனிக் உள்ள நீரைக் குடித்த தாய்மார்களிடம் கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் 14 சதவீதம், சிசு மரணம் 17 சதவீதம் அதிகமாக இருந்தன. பின்னொரு ஆய்வில், ஆர்செனிக்குக்கு அதிகம் ஆளான ஐந்து வயதுப் பெண் குழந்தைகள் மொழித்திறன் சோதனையில் பின்தங்கியது தெரிந்தது. ஆண் குழந்தைகளிடம் அப்படிக் காணவில்லை.

வரம்பைத் தாண்டிய பம்புகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்பு பூசிய பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும்? புதிய கிணற்றை எங்கே, எவ்வளவு ஆழத்தில் போடுவது? இங்கேதான் ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகமும் டாக்கா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மத்லபில் கிணறு போடுகிறவர்களிடம் இயந்திரம் கிடையாது. இரும்புக் குழாயை நிறுத்தி, மூங்கில் நெம்பால் ஒருவர் ஏற்றி இறக்குவார். மூங்கில் சாரத்தின்மேல் உட்கார்ந்த இன்னொருவர் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடித் திறப்பார். அந்தக் கைதான் வால்வு. ஒவ்வொரு தூக்கலுக்கும் மண் குழம்பு அவர் விரலிடுக்கில் வழிந்து வரும். கருமணல் முடிந்து வெண்மணல் வந்ததும், வெளிர்மணல் வந்ததும், செம்மணல் வந்ததும் அவருக்குத் தெரியும். ஆய்வாளர்கள் அந்த நிறங்களையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அடுக்கின் நீரையும் சோதித்தார்கள். கருமணல் நீரில் ஆர்செனிக் மிகுதி. செம்மணல், வெளிர்மணல் நீரில் மிகக் குறைவு. செம்மணல் நீரில் சில இடங்களில் மாங்கனீசு கூடுதல் என்பதால், வெளிர்மணல் அடுக்கு கிடைத்தால் நல்லது. கிணறு போடுகிறவரின் கண்ணுக்கும் ஆய்வகத்தின் கருவிக்கும் இடையே ஒரு நிறப்பட்டியல் உருவாயிற்று. பாதுகாப்பான நீரை ஊரே தேடிக்கொள்ள அது போதுமான கருவி.

இதே மனப்பாங்கில் செய்த இன்னொரு சோதனை சேலை வடிகட்டி. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிரிகளோடு ஒட்டி வாழ்கிறது என்று ரீட்டா கால்வெல், அன்வர் ஹக் ஆகியோர் கண்டிருந்தார்கள். கிருமியை வடிகட்ட முடியாது, அது ஒட்டியிருக்கும் உயிரியை வடிகட்டலாம். கட்டிப் பழசான பருத்திச் சேலையை எட்டு அடுக்கு வரும்படி மடித்துக் குடத்தின் வாயில் போட்டு நீர் மொண்டால் போதும். துவைத்துத் துவைத்து நூல் பரந்த பழைய சேலையின் கண்கள் புதுச் சேலையைவிட நெருக்கமாக இருக்கும். மத்லபின் 65 ஊர்களில் மூன்றாண்டு நடந்த சோதனையில் காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். அதோடு விடாமல் ஐந்தாண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 31 சதவீதப் பெண்கள்தான் இன்னும் வடிகட்டினார்கள். அந்த எண்ணையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

திருத்திக்கொண்டவை

1987இல் திட்டப் பகுதியின் பாதியில் பயிற்சி பெற்ற மகப்பேற்றுச் செவிலியர்களை ஊரிலேயே அமர்த்தினார்கள். மூன்றாண்டில் தாய் இறப்பு வெகுவாகக் குறைந்தது என்று 1991இல் மகிழ்ச்சியோடு அறிவித்தார்கள். 1997இல் நீண்ட காலத் தரவைப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், செவிலியர் இல்லாத பகுதியிலும் தாய் இறப்பு குறைந்துதான் வந்தது என்று காட்டினார்கள். பதிவேடு மூன்றாண்டோடு முடிந்திருந்தால், முதல் முடிவே பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1985இல் வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தைச் சோதித்து, பயன் நடுத்தரம்தான் என்றார்கள். இருபதாண்டு கழித்து அதே தரவை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பலரும் மருந்து சாப்பிட்ட இடங்களில் சாப்பிடாதவர்களும் காக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மருந்தின் பயனை முதலில் குறைத்தே எடைபோட்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் யோசனை தந்தது 2021இல் வந்த முடிவு. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி 35 ஆண்டு கழித்து, திட்டப் பகுதியையும் பக்கத்துப் பகுதியையும் சேர்ந்த 1,820 பெண்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். திட்டப் பகுதிப் பெண்களுக்குக் குறைவான பிள்ளைகள், நீண்ட இடைவெளி, சீக்கிரமே முடிந்த பிள்ளைப்பேறு எல்லாம் உண்மை. ஆனால் முதுமையை நெருங்கும் வயதில் உடல்நலத்திலோ பொருளாதாரத்திலோ பக்கத்துப் பகுதிப் பெண்களைவிட அவர்கள் மேம்பட்டிருக்கவில்லை. சிலவற்றில் சற்றுப் பின்தங்கியும் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடல் எடை கூடியிருந்தது. பலன் பிள்ளைகளுக்குப் போயிற்று, தாய்க்கு வந்து சேரவில்லை. பிள்ளையைக் குறைத்தால் பெண் முன்னேறிவிடுவாள் என்று நாமும் ஐம்பது ஆண்டாகச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். சொத்தும் சம்பாத்தியமும் அவள் கைக்கு வராதபோது, மிஞ்சிய நேரமும் பலமும் குடும்பத்துக்கே போய்விடுகின்றன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மத்லபின் மீது நியாயமான கேள்விகள் உண்டு. லான்ட் பிரிச்செட் 1994இல், இவ்வளவு செலவு செய்து கிடைத்த பலனை வேறெந்த ஏழை நாடு தாங்கும் என்று கேட்டார். அதைவிடக் கனமானது அறம் பற்றிய கேள்வி. திட்டப் பகுதிக்குக் கிடைத்த தடுப்பூசி பக்கத்துப் பகுதிக்குப் பல ஆண்டு கிடைக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தது சரியா? அந்தப் பகுதிக்கு அன்று நாடு முழுதும் இருந்த அதே சேவை இருந்தது, எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதிலில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. தட்டம்மை ஊசி பிள்ளைகளைக் காக்கிறது என்று தங்கள் தரவிலேயே தெரிந்த பிறகும் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அவர்கள் அந்த ஊர்களுக்குக் கடன்பட்டவர்கள். இன்று உலகம் பயன்படுத்தும் அறிவில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பங்கு கட்டாயமாக வாங்கப்பட்டது.

இப்படிப்பட்ட களம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாகப் பிறப்பு இறப்பைப் பதிந்துவருகிறது. 1994 முதல் 1999 வரையான இறப்புகளின் காரணத்தை வீட்டாரிடம் விசாரித்து அறிந்தபோது, தற்கொலை லட்சத்துக்கு 95 என்று வந்தது. அன்றைய அரசுக் கணக்கு நாட்டுக்குச் சொன்ன அளவைப்போல எட்டு மடங்குக்கும் மேல். காவல் நிலையத்துக்குப் போகாத அந்தச் சாவுகளை வெளிக்கொண்டுவந்தது, ஒரே வட்டாரத்தில் தொடர்ந்து எழுதப்பட்ட பதிவேடுதான்.

மருத்துவத்துக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, மீன்வளத்துக்கு ஒன்று, ஆசிரியர் கல்விக்கு ஒன்று என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. டெல்டாவின் கடலோரத்தில் நிலத்தடியில் உப்புநீர் ஏறுகிறது. இளைஞர்கள் வெளியேற, ஊரில் முதியவர்கள் மிஞ்சுகிறார்கள். பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் ஆளின்றிப் போகின்றன. இந்த மூன்றையும் மூன்று ஆய்வேடுகளாக மூன்றாண்டில் முடித்துவிடாமல், இந்தப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நாகைப் பக்கம் ஒரே ஒரு வட்டாரத்தை முப்பது ஆண்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதும் வேலையை அந்த ஊர்ப் பெண்களுக்கு, நிரந்தரச் சம்பளத்தில் தர வேண்டும். கண்டறிந்தது எதுவானாலும், பன்னாட்டு இதழுக்கு அனுப்பும் முன்பு அந்த ஊர்க் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும்.